டீசல் லாரியில் ஆயில் கறுத்தால்: முதல் வண்டி வாங்கியவர்களுக்கு

முதல் லாரி வாங்கிய எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். ஆயில் சர்வீஸ் முடிந்த நாலாம் நாள் காலையில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, பட்டறைக்குப் போன் போடுவார்கள். "புது ஆயில் ஊத்துனீங்களா, பழசையே வடிகட்டி ஊத்திட்டீங்களா?"

சங்ககிரியில் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்றை வாங்கிய புதிதில் நானும் போட்டேன். மேஸ்திரி கோபப்படவில்லை. "ஏங் கண்ணு, ஊட்டுல அம்மா மை கூட்டிப் பாத்ததில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்திருக்கிறேன். விளக்குச் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்து வைத்து, படிந்த கரியை வழித்து, விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். ஒரு சிட்டிகைக் கரி போதும், எண்ணெய் முழுவதும் கறுத்துவிடும். அதற்காக எண்ணெய் கெட்டுப்போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லாரி எஞ்சினின் சேம்பருக்குள், அதாவது அடியில் ஆயில் தங்கும் தொட்டிக்குள் நடப்பதும் மை கூட்டுகிற வேலைதான்.

எனவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: டீசல் ஆயிலின் நிறத்தைப் பார்த்து மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. கறுப்பு எல்லா வண்டியிலும் இருக்கும். அந்தக் கறுப்புக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கப் பழகுவதுதான் வேலை.

கரி எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் நன்றாகக் கலந்த பிறகு தீப்பொறி விழுகிறது. டீசலில் அப்படி இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்திச் சூடேற்றி வைத்திருக்க, கடைசி நேரத்தில் நாசில் டீசலைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சிய தாரையின் நடுப்பகுதிக்குப் போதுமான காற்று கிடைப்பதில்லை. அங்கே டீசல் முழுதாக எரியாமல் கரியாகிறது. பெரும்பகுதி அடுத்த நொடிக்குள்ளேயே எரிந்துபோகும். மிச்சத்தில் ஒரு பங்கு சைலென்சர் வழியாகப் போகும். இன்னொரு பங்கு சிலிண்டரின் உள் உறையான லைனரின் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதை வழித்துக் கீழே சேம்பருக்குக் கொண்டுவரும்.

"அப்புறம் ஆயில் ஃபில்டர் எதற்கு?" என்று கேட்பீர்கள். கரித் துகள் ஒன்றின் அளவு சுமார் 30 நானோமீட்டர். சாதாரண ஃபில்டர் காகிதம் பிடிப்பது 20 மைக்ரானுக்கு மேற்பட்ட குப்பையை. அறுநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். மீன் வலையில் மாவு சலிப்பது போலத்தான். ஃபில்டரின் வேலை இரும்புத் தூளையும் மண்ணையும் பிடிப்பது. கரியைச் சுமப்பது ஆயிலின் வேலை.

அதற்காகவே ஆயிலில் இரண்டு வகை மருந்து கலக்கிறார்கள். ஒன்று, கரித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக மிதக்க வைக்கும். இன்னொன்று, எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறித்து, பிஸ்டனையும் ரிங்கையும் கழுவும். இந்த மருந்துகள் இருக்கும்வரை ஆயில் எத்தனை கறுப்பாக இருந்தாலும் பயமில்லை. தீர்ந்துபோனால் கரி கட்டி சேரும், ஆயில் தடிக்கும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே வால்வுகளை இயக்கும் ராக்கருக்கு ஏற நேரமாகும். கட்டியான கரி இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

பழைய டீசல் எஞ்சினில் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் தேன் நிறத்தில் இருந்தால் நான் சந்தேகப்படுவேன். கரி எங்கே போனது? உள்ளேயே சேறாகப் படிகிறதோ என்று ஹெட் கவரைத் திறந்து பார்க்கத் தோன்றும். புது எஞ்சின்களில் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் பல மடங்கு கூடிவிட்டதால் கரி குறைவு, ஆயில் கொஞ்ச நாள் பழுப்பாகவே நிற்கும். அது வேறு. சிஎன்ஜி வண்டியில் கரி இல்லவே இல்லை என்று சொல்லலாம். சிஎன்ஜி ஓட்டிப் பழகிவிட்டு டீசலுக்கு வருகிறவர்கள்தான் டிப்ஸ்டிக்கைப் பார்த்து அதிகமாக அலறுகிறார்கள்.

மாற்றிய மறுநாளே கறுப்பதற்குக் காரணம் இன்னும் எளிது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் சேம்பர்தான் காலியாகும். ஆயில் கூலர், உள் குழாய்கள், டர்போ, ஹெட்டின் மூலை முடுக்கு எல்லாவற்றிலும் பழைய ஆயில் தங்கும். எஞ்சினைப் பொறுத்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரைகூட நிற்கும். இருபது லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் இரண்டு லிட்டர் பழைய மை. போதாதா?

காலையில் நான்கு பார்வை

வண்டி இரவு முழுக்கச் சமதரையில் நின்றிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, டீக்கடைக்குப் போவதற்கும் முன்பு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுங்கள்.

முதல் பார்வை அளவு. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பது மட்டும் போதாது, நேற்று எங்கே நின்றது என்பதும் தெரிய வேண்டும். குறைவதை எல்லோரும் கவனிப்பார்கள். கூடுவதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதில்தான் அடி.

இரண்டாவது வண்டி எடுத்திருந்தேன், பத்து சக்கரம். டிரைவர் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணா, இந்த வண்டி சொட்டு ஆயில் குடிக்கிறதில்லைங்க. ஊத்துனதுக்கு மேலயே நிக்குது." நானும் நாலு பேரிடம் பெருமை பேசினேன். மூன்று வாரம் கழித்து, சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும் வழியில், தெலங்கானாவில் நிர்மல் தாண்டி ஆயில் அழுத்த மீட்டரின் முள் கீழே விழுந்தது. அடியில் சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம். கிராங்க் பேரிங் உருகி ஒட்டிக்கொண்டது. ஹெட் கவருக்குள் போகும் டீசல் ரிட்டர்ன் பைப்பில் மயிரிழை விரிசல். டீசல் சொட்டுச் சொட்டாகச் சேம்பரில் இறங்கியிருக்கிறது. ஊற்றியதற்கு மேலே நின்றது ஆயில் இல்லை, டீசல். நிறம் மட்டும் கடைசி வரை நல்ல கறுப்பாகவே இருந்தது. கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், பாதி வழியில் லோடு மாற்றிய கூலி எல்லாம் சேர்ந்து அந்த வருசத்து வருமானம் அதோடு போயிற்று.

ஆகவே அளவு கூடினால் வண்டியை எடுக்காதீர்கள். உள்ளே இறங்குவது டீசலாக இருக்கும், இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீராக இருக்கும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. சைலென்சரில் உள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய சில எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். அந்த வேலையைப் பாதியிலேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கும்.

இரண்டாவது பார்வை விரலில். ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பிரியுங்கள். வழவழப்பாக, சின்ன இழை விட்டுப் பிரிந்தால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் டீசல். பசை மாதிரி இழுத்தால் கரி முற்றிவிட்டது. நறநறவென்றால் மண்ணோ இரும்போ, எதுவானாலும் நல்லதில்லை. பார்த்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய ஆயில் தோலில் வருடக்கணக்கில் ஊறுவது புற்றுநோய்க்கு வழி. லுங்கியில் துடைத்துக்கொண்டு போகிற வீரம் வேண்டாம்.

மூன்றாவது மூக்கு. டீசல் வாடை தூக்கலாக இருந்தால் மேலே சொன்ன கதைதான். ஆயில் ஊற்றும் மூடியையும் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். டீக்கடைக் காபி நுரை மாதிரி வெளிர் பழுப்பாக அப்பியிருந்தால், ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தால், ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ லைனர் ரப்பரோ போயிருக்கிறது. மழைக்காலத்தில் சின்ன ஓட்டமே ஓடும் வண்டியில் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக நுரை வரும், ரேடியேட்டர் தண்ணீர் குறையாது. அதற்குப் பயப்படத் தேவையில்லை.

நான்காவது காகிதம். இதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். மை உறிஞ்சும் தாளோ காபி வடிகட்டும் தாளோ இருந்தால் நல்லது, கிடைக்காவிட்டால் டிஷ்யூ பேப்பர். எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு. தாளின் நடுப்பகுதி எதிலும் படாதபடி டம்ளர் வாய் மேல் வைத்து, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். கறுப்பு நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக வெளுத்துப் பரவியிருந்தால், மருந்து இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் தார் பொட்டு மாதிரி கெட்டியாக நின்று, சுற்றி ஒரு கூர்மையான கோட்டோடு முடிந்து, வெளியே வெறும் எண்ணெய் வளையம் மட்டும் தெரிந்தால், சுமக்கும் சக்தி தீர்ந்துவிட்டது. கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் செலவில்லாத சோதனை.

நாலைந்து வண்டி ஆகிவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பலாம். ஒரு சின்னப் பாட்டில் ஆயில் போதும். கரி எத்தனை சதவீதம், இரும்பு எவ்வளவு, மண்ணைக் காட்டும் சிலிக்கான் எவ்வளவு, கூலன்ட்டைக் காட்டும் சோடியம் எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். கரி பொதுவாக எடையில் 3 சதவீதத்தை நெருங்கினால் கவனிக்கச் சொல்வார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் வரம்பு மாறும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் எண்தான் பதில். பழைய வண்டிகளுக்கு 10,000, 18,000 என்று இருக்கும். புது நெடுந்தூர வண்டிகளுக்கு அதைப் போலப் பல மடங்கு. பக்கத்து வண்டிக்காரர் சொல்வதை வைத்து உங்கள் வண்டிக்கு முடிவு செய்யாதீர்கள், அவர் எஞ்சின் வேறு.

ஆனால் கிலோமீட்டர் எண்ணுக்குப் பின்னால் ஒரு மணிக்கணக்கு ஒளிந்திருக்கிறது. ஹைவேயில் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் எஞ்சின் 250 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதே எஞ்சின் கல் குவாரி டிப்பரில் சராசரி 15 கிலோமீட்டரில் ஓடினால், 250 மணி நேரத்தில் மீட்டர் காட்டுவது வெறும் 3,750. மீட்டரை நம்பி 10,000 வரை காத்திருந்தால் அறுநூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பீர்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே நாளெல்லாம் எஞ்சின் உறுமுவதால் அவர்கள் கணக்கே மணியில்தான். டிப்பர், கான்கிரீட் மிக்ஸர், நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் வண்டி வைத்திருப்பவர்களும் அப்படித்தான் கணக்குப் போட வேண்டும்.

நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். ஐடிலில் எஞ்சின் சூடு குறைவு, எரிவதும் அரைகுறை, கரி கூடுதல். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஓட்டுநருக்கு நல்ல காரியம், எப்போதோ வந்திருக்க வேண்டும். ஏசிக்காக ஓடிய மணி நேரத்தையும் டைரியில் ஏற்றிக்கொண்டால் போதும், அதற்காக டிரைவரோடு சண்டை வேண்டாம்.

ஆயில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தடிக்கிறது என்றால் ஆயிலைக் குறை சொல்லாமல் எஞ்சினைப் பாருங்கள். முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர். காற்று பத்தாவிட்டால் கரும்புகை, கரும்புகை என்றால் ஆயிலுக்கும் கரி. அடுத்தது ஒழுகும் நாசில். அடுத்தது டர்போ ஹோஸில் விரிசல். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் எரிந்த புகையின் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு ஒன்று இருக்கும். அது திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே கதை. ஓட்டுகிற கையும் ஒரு காரணம். சேலத்திலிருந்து தொப்பூர் வழியாகத் தருமபுரி ஏறும்போதும், பண்ணாரியிலிருந்து திம்பம் வரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறும்போதும், கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்து முக்க வைத்தால் பின்னால் வருகிறவருக்குப் பாதை தெரியாது. அந்தக் கரியில் ஒரு பங்கு உங்கள் சேம்பருக்கும் வருகிறது.

எந்த ஆயில்

பெரும்பாலான லாரிகளுக்குப் பக்கெட்டில் 15டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். முதல் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பது, இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் எவ்வளவு தடிமன் நிற்கும் என்பது. கடைக்காரர்கள் இதை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் அதற்குக் கீழே உள்ள ஏபிஐ எழுத்தையும், அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீட்டையும் பாருங்கள். சிஎச்-4 1998-இல் வந்தது. சிஐ-4 2002-இல், புகையைத் திருப்பி விடும் எஞ்சின்களின் கூடுதல் கரியைச் சுமக்க. சிஜே-4 2006-இல், சிகே-4 2016 டிசம்பரில்.

பிஎஸ்-6 வண்டிக்கு ஏன் சிஐ-4 கூடாது என்று பலர் கேட்கிறார்கள். பழைய வகை ஆயிலின் மருந்தில் உலோகச் சத்து அதிகம். எஞ்சின் குடிக்கும் கொஞ்சம் ஆயில் எரியும்போது அது சாம்பலாகும். சைலென்சரில் உள்ள வடிகட்டியில் கரி சேர்ந்தால் சூடேற்றி எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது. அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் சிஜே-4, சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வடிகட்டியை மாற்றும் செலவை இழுத்துக்கொள்ளாதீர்கள். நாட்டில் 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே இருப்பதால், அமிலத்தை முறிக்கும் அந்தப் பழைய கனத்த மருந்து தேவையும் இல்லை.

சீல் உடையாத பக்கெட்டாக, பில்லோடு வாங்குங்கள். காலி பக்கெட்டை யாரும் தூக்கி எறிவதில்லை, லாரிக்கு லாரி பின்னால் குளிக்கும் தண்ணீருக்குத் தொங்குவது அதுதான். மூடியை மட்டும் வெட்டிப் போட்டுவிடுங்கள். முழு மூடியோடு காலி பக்கெட்டுக்கு விலை கொடுக்க ஒருவர் வந்தால், அவர் குளிக்க வாங்கவில்லை.

மாற்றும் வேலை

முதல் இரண்டு தடவை பட்டறையில் பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு நீங்களே செய்யலாம், ஒன்றரை மணி நேர வேலை.

1. ஓடி வந்த வண்டியாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் ஆயில் இளகி, கரியையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறக்காதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் நேர்மாறாக, இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கி முதலில் சொட்டும்.

2. சமதரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சாவி உங்கள் பையில். கேபினைத் தூக்கினால் அதன் பூட்டு விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே தலையை விட வேண்டும்.

3. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள், காற்று போனால் சீராக இறங்கும். சேம்பர் கொள்ளளவைவிடப் பெரிய தொட்டி வையுங்கள். டிரெயின் போல்ட்டைச் சுற்றி மண்ணைப் பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனரில் தளர்த்துங்கள். கடைசி மரையில் போல்ட்டை உள்ளே அழுத்தியபடியே சுற்றி, சடாரென்று எடுக்க வேண்டும். ஆயில் முதலில் சாய்வாகப் பீய்ச்சி, பிறகு நேராக விழும். தொட்டியை அதற்கேற்ப நகர்த்துங்கள். கையுறை கட்டாயம்.

4. இறங்கும் நேரத்தில் போன் பார்க்காமல் போல்ட்டைப் பாருங்கள். நுனியில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறப் பசை அப்பியிருக்கும், சந்தனம் மாதிரி மழமழவென்று இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் சில்லோ ஊசியோ இருந்தால் வேலை இருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் தொட்டியில் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரமாவது சொட்ட விடுங்கள். புது வாஷர் போட்டுத்தான் போல்ட்டை ஏற்ற வேண்டும். பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டு, ஒழுகாமல் இருக்க முரட்டு முறுக்கு முறுக்கி மரையை வழித்துவிட்டு, சேம்பரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேல் புது ஃபில்டர் ஏறினால், போகும் வழியில் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுவதும் சாலையில்தான். புது ரப்பரில் விரலால் ஆயில் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. பெல்ட் ரிஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில் நிரப்பச் சில எஞ்சின்காரர்கள் சொல்வார்கள், சிலர் கூடாது என்பார்கள், புத்தகத்தைப் பாருங்கள். நிரப்புவதானால் சுற்றிலும் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக. நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும்.

6. சில எஞ்சின்களில் இன்னொரு குடுவை இருக்கும், ஆயில் அழுத்தத்திலேயே பம்பரமாகச் சுழன்று கரியை ஓரத்துக்கு ஒதுக்கும் வகை. மூடியைக் கழற்றினால் உட்சுவரில் கறுப்பு அல்வா மாதிரி கெட்டியாக அப்பியிருக்கும். ஃபில்டர் பிடிக்க முடியாத கரியை இது பிடிக்கிறது. சுரண்டிக் கழுவி மாட்டுங்கள். எவ்வளவு தடிமன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். திடீரென்று இரட்டிப்பானால் நாசிலைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

7. புது ஆயிலை மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஆயில் லைட் அணைவதைப் பாருங்கள். சில நொடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விட்டு, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். குறைந்திருப்பதை ஊற்றி நிரவுங்கள். மேல் கோட்டைத் தாண்டாதீர்கள். தாண்டினால் கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும்.

உள்ளே கழுவுகிறேன் என்று டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓடவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய ஆயில் மூலையில் தங்குவது போல அதுவும் தங்கி, புது ஆயிலை முதல் நாளே நீர்க்க வைக்கும். படிந்த சேறு பாளமாகப் பெயர்ந்து ஆயில் குழாயை அடைத்த வண்டிகளும் உண்டு. கடையில் விற்கும் சின்னப் பாட்டில் மருந்துகள் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். நீங்களே மாற்றினால் மூடியுள்ள கேனில் பிடித்து, அப்படி எடுக்கிறவரிடம் கொடுக்கும் பட்டறையில் சேருங்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஒருவர் கேட்பார், கரையானுக்கு அடிக்க ஒருவர் கேட்பார். பலகையைத் தொடுகிறவர் கையிலும் வீட்டுக் கிணற்றிலும் போய் முடியும் சமாச்சாரம், நான் கொடுப்பதில்லை. தண்ணீரோ கூலன்ட்டோ அதே கேனில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள். தரையில் சிந்தியதற்கு மரத்தூள் போட்டுப் பெருக்குங்கள்.

கை கழுவியதும் டைரி. தேதி, மீட்டர், எஞ்சின் மணி நேரம், எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை லிட்டர் ஏறியது, ஆயிலின் எழுத்தும் எண்ணும், பில் நம்பர். இறங்கியது ஏற்றியதைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் கீழே இரண்டு கோடு போடுங்கள். பிஎஸ்-6 வண்டியில் சர்வீஸ் நினைவூட்டலையும் பூஜ்யமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த டிரிப்பில் விளக்கு எரிந்து டிரைவர் நடு ராத்திரியில் போன் போடுவார். காகிதத்தில் காய்ந்த அந்த எண்ணெய்ப் பொட்டை, வண்டி நம்பரும் மீட்டரும் எழுதி, அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நான்காம் நாள் காலை டிப்ஸ்டிக் கறுத்திருக்கும். அன்றைக்கு எடுக்கும் பொட்டையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.